சுவரின் நடுவில் விட்ட இடம்

ஒரு பழைய சுவரில் ஒரு நத்தை பதினோரு வருஷமாகச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தது. ஊர்ந்த வழியில் அது விட்டுப்போகும் மினுங்கும் கோடுதான் மை. சாவதற்குள் யாராவது நின்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. ஆனால் சுவரின் நட்டநடுவில் ஒரு பல்லி படுத்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கோயேன்."

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? ஓட்டுக்குள்ள போய்ப் படு." பல்லி வாலைக்கூட அசைக்காது. நத்தை அதைச் சுற்றிக்கொண்டு போகும்.

ஒரு நாள் காலை வெயில் சாய்வாக விழுந்தது. சுவர் முழுக்க வெள்ளியாய் மின்னியது. வரிசை தவறாத எறும்புகள்கூட வரிசை கலைந்து நின்றன. ஆனாலும் பல்லி சொல்லாமல் எதையும் நம்பி அவற்றுக்குப் பழக்கமில்லை. பல்லி கூட்டத்தைப் பார்த்தது. மூன்று முறை நல்ல சகுனமாய்க் கத்திவிட்டு இறங்கி வந்தது.

"அக்காவோட திறமை எனக்கு அப்பவே தெரியும். பழுக்கட்டும்னுதான் வாயைத் திறக்கல."

எறும்புகள் ஒரு மல்லிகை இதழை நத்தைக்குப் பொன்னாடையாகப் போர்த்தின. "நடுவுல ஒரு இடத்தை வெறுமையா விட்டிருக்கீங்களே, அதுதான் உச்சம். எப்படித் தோணுச்சு?" என்று கேட்டது தலைமை எறும்பு.

"தோணல. தம்பி அங்கதான் படுத்திருந்தான். எவ்வளவு கேட்டும் நகரல."

பல்லி வெட்கப்படும் என்று நத்தை நினைத்தது. அதுவோ விறுவிறுவென்று சுவரேறி, அந்த வெற்றிடத்தில் காலும் வாலும் கச்சிதமாகப் பொருந்தும்படி படுத்துக்கொண்டது. எறும்புகளுக்கு மெய்சிலிர்த்தது. நத்தையின் மேலிருந்த இதழை உருவிக்கொண்டு அவை சுவரில் ஏறின.

நத்தை அடுத்த சுவருக்கு ஊர்ந்தது. தொடங்குவதற்கு முன், அங்கே பல்லி இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டது.