கடைசிச் சீட்டு

அணில், ஓணான், சுண்டெலி மூன்றுக்கும் உளவாளி விளையாட்டென்றால் பைத்தியம். தோட்டத்தில் கிடைக்கும் ஒவ்வொரு சங்கேதச் சீட்டும் அடுத்த சீட்டு இருக்கும் இடத்தைச் சொல்லும். சீட்டில் கேள்வி இருந்தால் பக்கத்தில் கிடக்கும் கரித்துண்டால் அதே சங்கேதத்தில் பதில் எழுதவேண்டும் என்பது விதி.

"இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறது?" என்று கேட்டது சுண்டெலி.

"முதல்ல கண்டுபிடிப்போம், அப்புறம் பயப்படலாம்" என்றது ஓணான்.

ஆறாவது சீட்டு, கடைசிச் சீட்டுக்காக மூன்றையும் ஒருபக்கம் அடைத்த குழாய்க்குள் அனுப்பியது. உள்ளே பூனை வாடை. சுண்டெலி பின்வாங்கியது.

"இன்னும் ஒண்ணுதான், வா!" என்று அணில் இழுத்துக்கொண்டு போனது.

கடைசிச் சீட்டில், "மூன்று பேரும் வந்தாயிற்றா?" என்றிருந்தது.

குழாய் வாயில் வெளிச்சம் மெல்லக் குறைந்தது.

சுண்டெலிதான் முதலில் கரித்துண்டை எடுத்தது. ஒரு பிழையும் இல்லாமல், "வந்தாயிற்று" என்று சங்கேதத்தில் எழுதியது.