மூடியில் ஒரு துளை

அந்தத் துளை இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மேடையில் அவள் கணவர் தன் சோதனைக் கலங்களின் படத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கண்ணாடிக் கலங்கள். இரண்டிலும் பொட்டாசியம் உப்பு, பலேடியம் தகடு, ஓயாத மின்சாரம். ஒன்றில் கனநீர், கன ஹைட்ரஜன் கொண்ட நீர். மற்றதில் சாதாரண நீர்.

கனநீரில் இருந்த தகட்டில் மட்டும் கால்சியம்.

அந்தக் கன ஹைட்ரஜனோடு இணைந்து பொட்டாசியம்தான் கால்சியமாக மாறிவிட்டது என்கிறார் அவர். உலை இல்லை, சூடு இல்லை, மேசை மேலேயே அணுக்கரு இணைந்திருக்கிறதாம்.

இணையாது என்று ஆறு வருடமாக அவரோடு மல்லுக்கு நிற்பவள் அவள்தான். அவளும் இயற்பியல் ஆசிரியை. எந்தக் கோட்பாடும் இதற்கு இடம் தராது என்பாள். கோட்பாடு கிடக்கட்டும், முதலில் ஆதாரத்தைப் பார் என்பார். தட்டில் சோறு ஆறிப்போகும்.

இன்று இந்த அறிஞர் சபை ஏற்றால் அவர் ஆய்வகம் பிழைக்கும். இல்லையென்றால் கல்லூரி அதைப் பூட்டிவிடும்.

சபையில் இருந்து பேராசிரியர் அருமைநாதன் எழுந்தார்.

"கால்சியம் வெளியிலேர்ந்து விழுந்திருக்கலாமே?"

"விழுந்தா ரெண்டு கலத்துலயும்தானே சார் விழணும்?"

அரங்கம் சிரித்தது.

கடவுள் இல்லை என்பவர் அவர். ஆயுத பூஜைக்குக்கூட ஆய்வகத்தில் ஒரு பொட்டு வைக்க விடமாட்டார். இந்த வருடம் பூஜையன்று, கலங்களில் சோதனை ஓடிக்கொண்டிருக்க, அவர் வெளியே போன நேரம் பார்த்து அவள் உள்ளே போனாள். அந்த ஆராய்ச்சியில் அவளுக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் மனிதர் தோற்கக் கூடாதே. கனநீர்க் கலத்தின் மூடியில் ஒரு கீற்றுத் திருநீறு இட்டாள். அவர் வருவதற்குள் அவசரமாகத் துடைத்தாள்.

வாயு வெளியேற அந்த மூடியில் ஒரு துளை உண்டு.

சாணத்தைச் சுட்ட சாம்பல். கால்சியம் இல்லாமல் இருக்குமா?

சாதாரண நீர்க் கலத்துக்காக அவள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

"வேணும்னா என் மனைவியைக் கேளுங்க," என்றார் அவர். "இந்த ஆராய்ச்சிக்கு முதல் எதிரி எங்க வீட்டுலயேதான் இருக்காங்க. எனக்காகப் பொய் சொல்ல மாட்டாங்க."

மைக் அவள் கைக்கு வந்தது. எழுந்தாள்.

அவர் சிரித்த முகத்தோடு நின்றார். அப்படி ஒரு நம்பிக்கை அந்த முகத்தில். பாவி மனுஷன்.

மைக்கை இடக்கைக்கு மாற்றினாள்.

நெற்றியைத் தொட்டாள். விரலில் ஒட்டிய திருநீற்றை அவர் பார்க்கும்படி மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

அவர் விரலைப் பார்த்தார். திரும்பி, திரையில் இருந்த கலத்தைப் பார்த்தார். மூடியில் அவர் கண் நின்றது.

அரங்கம் காத்திருந்தது.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவள் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நீ உட்காரு, நானே சொல்லிடறேன்," என்றார்.