டிராகனுக்கு ஆயுசு கெட்டி

“டாக்டர், நீங்க ஏமாத்தறீங்க!”

லைசென்ஸ் அதிகாரி பட்டென்று போட்டு உடைத்தார். கூட இருந்த அவருடைய மச்சினனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் ஒருவரைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். டிரைவிங் டெஸ்டில் சொந்த மச்சினனையே ஐந்து தடவை ஃபெயில் ஆக்கிய மகானுபாவர்!

இடம், பல் டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நோயாளிகள் வராத நேரம். ஆறு வருஷமாக இதே ஆட்டம்தான். டாக்டர் கதை சொல்வார். கதைக்குள்ளே அதிகாரி வாள்வீரன், கணக்கு டீச்சர் மந்திரவாதி, பிளம்பர் மச்சினன் திருடன். யார் எதைச் செய்தாலும் அது பலிக்குமா பலிக்காதா என்று இருபது முகமுள்ள ஒரு பகடைதான் தீர்ப்புச் சொல்லும்.

இப்போது பாக்கியிருந்தது ஒரே ஒரு டிராகன். அதைக் கொன்றால் கதை முடிந்தது. டிராகன் என்றால், மேஜை நடுவில் நின்ற பிளாஸ்டர் கடைவாய்ப்பல்.

“பதினோரு வாரமா சாகற மாதிரி போக்குக் காட்டிட்டுப் பறந்துடுது,” என்றார் அதிகாரி. “அந்த எக்ஸ்ரே டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுதானே நீங்க பகடை போடறீங்க? என்ன விழுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“விடுங்க சார், விளையாட்டுதானே,” என்றார் டீச்சர்.

“விளையாட்டுன்னாலும் விதி விதிதான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏமாத்தினேன். ஒத்துக்கறேன். மக அவளோட வந்து இருக்கச் சொல்லி ஒத்தைக்கால்ல நிக்கறா. இந்தக் கதை முடியட்டும், மறுநாளே கிளம்பி வர்றேன்னு சொல்லிட்டேன். தங்கமான பொண்ணுதான். ஆனா அந்த ஊர்ல நான் யாரோட பேசுவேன், சொல்லுங்க? பல்லைக் காட்டக்கூட ஆள் கிடையாது.”

அதிகாரி மசியவில்லை.

“அது வேற, இது வேற. டப்பாவை எடுங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டுவோம். பதினஞ்சுக்கு மேல விழுந்தா டிராகன் காலி. பகடை தரையில விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது.”

கல்நெஞ்சக்காரர்! மச்சினன் பல்லைக் கடித்தான், பல் டாக்டர் எதிரிலேயே.

டீச்சர் உருட்டினார். ஒன்பது. மச்சினன் உருட்டினான். நாலு.

அதிகாரி பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இந்த ஆறு வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூட இருபது விழுந்ததில்லை. அந்தக் குறையை வீட்டில் அக்காளிடம் சொல்லிச் சொல்லிப் புலம்புவார். இன்றைக்கு விட்டெறிந்த வேகத்தில் பகடை மேஜையைத் தாண்டி, நோயாளிகளின் நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதிகாரி மண்டியிட்டுக் குனிந்தார். மறுபக்கம் மச்சினனும் குனிந்தான். பகடைக்குப் பக்கத்தில் கிளினிக்கின் பெயர்ப் பலகை, செய்தித்தாள் சுற்றிக் கயிறு கட்டிக் கிடந்தது. உள்ளே வரும்போதே வாசலில் அதைக் காணோம். பெயின்ட் அடிக்கக் கொடுத்திருப்பார் என்று மச்சினன் நினைத்திருந்தான். மனுஷன் மூட்டையே கட்டிவிட்டார், பாவம்.

அதிகாரி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் விழுந்திருக்கு?” டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பகடையைப் பொத்தி எடுத்துக்கொண்டு எழுந்தவர், முழங்கால் தூசியைத் தட்டிவிட்டார்.

“ஒண்ணு.”

மச்சினன் வாயைத் திறந்தான். அத்தான் ஒரு முறை முறைத்தார். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

டாக்டர் துள்ளிக் குதிக்காத குறைதான். “வாள் வழுக்கிடுச்சு! டிராகன் பறந்து போயிடுச்சு!” என்று அறிவித்துவிட்டு, கையோடு மகளுக்குப் போன் போட்டார்.

“இல்லம்மா, இன்னும் முடியல… அட, நான் ஏமாத்தலடா கண்ணு! பகடையைக் குனிஞ்சு பார்த்ததே லைசென்ஸ் ஆபீசர்தான். சொந்த மச்சினனையே அஞ்சு தடவை ஃபெயில் பண்ணின மனுஷன், அவரா பொய் சொல்வார்?”

தெருவில் இறங்கியதும் மச்சினனால் அடக்க முடியவில்லை.

“அத்தான், அது இருபது! என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.”

அதிகாரி நடையை நிறுத்தவே இல்லை.

“அதனாலதான் உனக்கு லைசென்ஸ் தர்றதில்லை. உன் கண்ணு சரியில்லை.”