ஆறாம் மேசையின் பச்சை விளக்கு

சமையல் போட்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஜனங்கள் ஓட்டலிலும் கதை கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தட்டை வைத்ததும் சமையல்காரர் பக்கத்தில் நின்று, அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் சோகத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர் கண் கலங்கினால் மேசை விளக்கு பச்சையாகும். ஆகாவிட்டால் தட்டு உள்ளே திரும்பிவிடும். இந்த வாரம் பால்துரைக்கு இரண்டு தட்டு திரும்பியாயிற்று. இன்னொன்று திரும்பினால் வேலை போய்விடும்.

ஆறாம் மேசைக்குச் சாளைமீன் குழம்பைக் கொண்டுபோனவன் திடுக்கிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் தூத்துக்குடியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா அன்னபுஷ்பம். மேனேஜர் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது... எங்கம்மா சாகுறதுக்கு முந்தி கடைசியா சொல்லித் தந்த கொழம்பு" என்று ஆரம்பித்தான். தினம் சொல்லும் கதைதான். ஆஸ்பத்திரிக் கட்டில், மூச்சு வாங்கும் குரல் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தான்.

அன்னபுஷ்பம் அவனையே பார்த்தாள். விளக்கு பச்சையானது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

"நல்லாருக்கு தம்பி" என்றாள், யாரோ எவரோ போல. "ஒங்கம்மா இருந்திருந்தா, புளியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லிருப்பாங்க."