மழைக்கு முதல் மூட வேணும்

“விசர்க் கதை கதைக்காமல் எழும்புங்கோ அம்மா. தார் கொதிக்குது.”

நிரோஜாவின் குரல் உயர்ந்தது. இராசமலர் அசையவில்லை. வீதி வெடிப்பின் மேல் சேலையைப் பரப்பிச் சம்மணமிட்டு இருந்தாள்.

சுன்னாகத்துக்கு அப்பால் வீதியை அகலமாக்கி இரண்டு வருடம். பழைய தாரும் புதுத் தாரும் ஒட்டிய இடம் நெடுகலும் வாய் பிளந்து கிடந்தது. ஆனால் ஒப்பந்தக் கொம்பனி முதலாளி காலையில் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: “உந்த வளைவிலை மட்டும் மூடு பிள்ளை. பின்னேரம் மழையாம். இண்டைக்கே முடி.”

நிரோஜா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பொறியியலாளர். கேள்வி கேட்கவில்லை.

“தண்ணி உள்ளை இறங்கினால் அடி கரைஞ்சு றோட்டே தாழும். விளங்குதோ?”

“இதைத்தானே உங்கடை கந்தோர் வாசல்லை நிண்டு கத்தினனான்! அப்ப ஒருத்தரும் வரேல்லை. ஏன் இண்டைக்கு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் எழும்புங்கோ.”

“நாளைக்கும் வேண்டாம், நாளையிண்டைக்கு மூடு பிள்ளை. கையெடுத்துக் கும்பிடுறன்.”

வேலையாள் கஜீவன் நிரோஜாவின் பக்கம் குனிந்தான். “உவவின்ரை மகன் மோட்டச்சைக்கிளோடை இந்த வெடிப்பிலைதான் விழுந்து செத்தவன் மிஸ். அண்டு துவக்கம் தலை சரியில்லை.”

நிரோஜா இளகினாள். இராசமலரின் தோளைத் தொட்டாள். “இன்னொரு தாயின்ரை பிள்ளை விழக்கூடாதெல்லோ அம்மா. அதுக்குத்தான் மூடுறம்.”

பிறகு கண்ணைக் காட்டினாள். இரண்டு பேர் இராசமலரைத் தூக்கி வீதியோரம் இருத்தினார்கள்.

அவள் இருந்த இடத்தில், வெடிப்பைச் சுற்றி யாரோ மஞ்சள் பெயின்றால் வட்டம் போட்டு ஓர் இலக்கமும் எழுதியிருந்தார்கள். நில அளவைக்காரர் போட்டதாக்கும் என்று நினைத்தாள் நிரோஜா. கொதித்த தார் வெடிப்பையும் வட்டத்தையும் சேர்த்து விழுங்கியது.

வேலை முடிந்தபோது வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

“பாத்தீங்களே அம்மா? இனி ஒருத்தரும் விழமாட்டினம்.”

இராசமலர் அவள் முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தாள்.

“உனக்கு உண்மையிலையே தெரியாதே பிள்ளை?”

“என்ன தெரியாது?”

“மோட்டச்சைக்கிள் ரயர் இறங்கிற அளவுக்கு இதிலை வெடிப்பே இல்லையெண்டு என்ரை மகன்ரை வழக்கிலை உன்ரை முதலாளி கோட்ஸிலை சொன்னவர். நாளைக்கு நீதவான் பாக்க வாறார்.”