கோளாறு நெட்டையன் காலில்

"கோளாறு நெட்டையன் காலில்தான் சார். அவனைத் தூக்கிட்டா டீம் தேறிடும்," என்றார் ஃபோர்மேன்.

பஸ் டிப்போ மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டிப்போவின் கால்பந்து அணி இந்த வருஷம் கண்டது ஒரே ஒரு கோல். அதுவும் எதிராளி கால் இடறித் தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்ட தர்மம்.

"யாரு, டயர் மாட்டுற பையனா? நல்லாத்தானே ஓடுறான்?"

"ஓடுறான் சார். கோல் பக்கத்துல போனதும், வீட்டுச் சாவியை எங்கே வச்சோம்னு யோசிக்கிறவன் மாதிரி நின்னுடுறான்."

"இன்னிக்கு மேட்சுக்கு நானும் வர்றேன். இன்னிக்கும் கோல் விழலைன்னா யாரையாவது மாத்தத்தான் வேணும். அது நெட்டையனா இல்லாமலும் இருக்கலாம்."

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அணியின் பயிற்சியாளர் அவர்தான். கழுத்தில் விசில் தொங்கும் நாட்களில்தான் வீட்டில் மனைவிகூட அவரை நிமிர்ந்து பார்ப்பாள்.

ஃபோர்மேன் குரல் லேசுப்பட்டதல்ல. அவர் ஒருமுறை போட்ட சத்தத்தில், பழுதாகி நின்ற பஸ் தானே ஸ்டார்ட் ஆனதாக டிப்போவில் சொல்வார்கள். பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் நின்று அந்தக் குரலை அவிழ்த்துவிட்டார்.

"லெஃப்ட்ல குடுடா. வேணாம், நீயே அடி. இரு, இரு, பின்னாடி தள்ளு."

நெட்டையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் என்றால் வலது பக்கம் அடித்தான். கோல். நில் என்றால் ஓடினான். இன்னொரு கோல்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் ஓடிவந்து கையைக் குலுக்கினார்.

"பிரமாதம். எப்படிச் சரி பண்ணீங்க?"

"எல்லாம் கொஞ்சம் கண்டிப்புதான் சார்," என்றார் ஃபோர்மேன், அடக்கமாக.

ஆனாலும் உள்ளுக்குள் குடைந்தது. உடை மாற்றும் அறைக்குள் விறுவிறுவென்று போனார்.

"டேய் நெட்டையா. ஜெயிச்சது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் தொண்டை கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்குப் போறே. காலையிலேயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த மேட்சுல நீ இல்லை."

நெட்டையன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்ததை அவிழ்க்கத் தொடங்கினான்.

ஃபோர்மேன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திடுக்கிட்டு நிமிர்ந்தவன், காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தான்.

"என்னண்ணே, கூப்பிட்டீங்களா? இதோ, முகம் கழுவிட்டு வந்துடுறேன்."

அவன் குழாயடிக்குப் போய்விட்டான். ஃபோர்மேன் சுற்றிலும் பார்த்தார். கண்டக்டர் காதில் பஞ்சு. மெக்கானிக் காதில் பஞ்சு. கோல்கீப்பராக நிற்கும் வெல்டர் மட்டும் தன்னுடையதை முன்பே எடுத்துவிட்டு, அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"என் பேச்சு உங்களுக்கு அவ்வளவு கசக்குதா?" என்றார் ஃபோர்மேன்.

"அதில்லண்ணே. அவன் கோல் பக்கத்துல போனா நீங்க ஒரே மூச்சுல நாலு யோசனை சொல்றீங்க. எதைக் கேக்குறதுன்னு தெரியாம நிக்கிறான்."

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவார், வேணாம்னு அவன்தான் தடுத்தான்." வெல்டர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். உங்களை மாத்திட்டு வேற ஆளைப் போடட்டுமான்னு கேட்டார். நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். அவன்தான் முன்னால போய், 'அவரே இருக்கட்டும் சார், கோலுக்கு நான் பொறுப்பு'ன்னான்."

ஃபோர்மேன் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஈர முகத்தைச் சட்டையில் துடைத்தபடி நெட்டையன் வந்தான். இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்துவிட்டு, கவலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேனேஜர் என்னண்ணே சொன்னார்? உங்களைப் பத்தி யாரும் தப்பா ஒண்ணும் சொல்லலையே?"