கர்த்தர் கொடுத்த தொண்டை

பெட்டியை இறக்கியாயிற்று. கயிறுகளை உருவி மேலே எடுத்தார்கள்.

போதகர் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. இந்தச் சபையில் யாரை அடக்கம் செய்தாலும் இந்த இடத்தில் பாட்டை எடுப்பவர் அவர்தான்.

இன்று குழிக்குள் இருப்பது அவர் மனைவி நவமணி.

"முடியலன்னா விட்டுருங்க அண்ணாச்சி. நாங்க பாடிக்கிடுதோம்," என்றார் போதகர் மெல்ல.

முடியும் என்று தலையசைத்தார்.

கண்ணை மூடினார். சுருதி ஒன்றரைக் கட்டை வேண்டாம். ஒரு கட்டை போதும். கடைசிச் சரணத்தில் மேலே ஏற வேண்டும். வெயிலில் நின்று தொண்டை வேறு காய்ந்திருக்கிறது.

எடுத்தார்.

குரல் வந்தது. எத்தனையோ பண்டிகைகளில் கேட்டும் வராத குரல், கூப்பிடாமலே வந்து நின்றது. கடைசிச் சரணத்தின் உச்சியில் குரலை நிறுத்திப் பிடித்தார். ஆடவில்லை. அங்கிருந்து, பிசிறில்லாமல், ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்து விட்டார்.

அருமையாய் அமைந்துவிட்டது என்று நினைத்தார்.

நினைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழுவினர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவியது. அதை அவருக்குத் தெரியும். பண்டிகை ஆராதனை முடிந்து வாசலில் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்ளும்போது பரவுவது.

கீழே, பெட்டியின் மேல், மகள் போட்ட முதல் பிடி மண் கிடந்தது.

எட்டு வயதில் அவரை ஸ்டூலில் ஏற்றிப் பாட வைத்தார்கள். தம்பி, இது கர்த்தர் கொடுத்த தொண்டை, பத்திரமாக வைத்துக்கொள் என்றார் அப்போதிருந்த போதகர். பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டார். பனியில் தலையை நீட்டியதில்லை. ஐஸ்கிரீமைத் தொட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நவமணி மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவள் எந்தப் பாட்டும் பாடியதில்லை. பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இருந்து கேட்பாள்.

போன வாரம், ஆஸ்பத்திரியில், அவள் கேட்டாள்.

"ஒரு பாட்டு பாடுங்களேன். மெதுவாப் பாடுனாப் போதும்."

பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். ஏசிக் குளிர். பண்டிகைக்குப் புதுப்பாட்டு ஒன்று அவரே மெட்டமைத்து வைத்திருந்தார். ஒரு மாதமாகக் குரலைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

"தொண்டை கட்டியிருக்கு. பண்டிகை வருதுல்லா," என்றார்.

"அதுவும் சரிதான். தொண்டையப் பாத்துக்கிடுங்க."

அதோடு அவள் மகளிடம் திரும்பி, அப்பாவுக்குப் பாலில் மிளகு போட மறக்காதே என்றாள். பிறகு கேட்கவில்லை. மறுநாள் அவளைத் தீவிரச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

குழியை மூடியாயிற்று. மாலைகளை அடுக்கினார்கள். ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"எப்படித்தான் பாடுனீகளோ! விசுவாசம்னா இதுல்லா விசுவாசம்," என்றார் ஒரு பெரியவர்.

கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. உருவவில்லை.

கடைசியாக ஹெப்சி வந்தாள். ஒரே மகள். ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் கட்டிலோரத்தில் கிடந்தவள். அவரை நேரே பார்க்காமல் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"தொண்டை நல்லாத்தான் இருந்திருக்குப்பா," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

அவள் காருக்குப் போனாள். கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் நின்றார்.

முழங்காலிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆண்டவரிடமா நவமணியிடமா என்று தெரியவில்லை. வாயைத் திறந்ததும் வந்தது ஒரு பாட்டின் வரி. விழுங்கினார். அடுத்து வந்ததும் பாட்டுதான். யாரோ எழுதியது, யாரோ அழுதது. இத்தனை வருஷம் அவர் ஜெபம் என்று செய்ததெல்லாம் இதுதான். சொந்தமாக ஒரு வார்த்தை தேடினார்.

கிடைக்கவில்லை.

மண்ணில் கையை ஊன்றிக்கொண்டார். ஈரமாக இருந்தது.

"ஏட்டி," என்றார்.

வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கரகரத்து, உடைந்து, பாதி காற்றாய் வந்தது. தொண்டையைக் கனைத்துச் சரிசெய்யக் கை கழுத்துக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஏட்டி... நான்..."

பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

ஹெப்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். மண்ணில், அவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.